கடல் காத்துல வீங்குற குதிரை

நேத்து பேத்தி பேப்பர் படிச்சுக் காட்டுனா. எலக்சன் வருதாம், லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கவங்கல்லாம் போலீஸ் டேசன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணுமாம். எனக்கு எழுத்து தெரியாது, வாசனை தெரியும். அவ படிக்கப் படிக்க மண்ணெண்ண வாசனை வந்துருச்சு. திரும்பி அடுப்பப் பாக்குறேன், அது கேஸ் அடுப்பு!

எங்கப்பாவுக்குக் கோட்டுச்சேரிப் பக்கம் வயலு. பன்னி வெரட்ட ஒரு துப்பாக்கி வச்சிருந்தாரு. சுட்டு ஒண்ணும் விழுந்ததில்ல. சத்தத்துக்குப் பன்னியும் ஓடும், எங்கம்மாவும் ஓடுவாங்க. வெரல் வச்சு இழுக்குற வளைஞ்ச இரும்பு இருக்கு பாருங்க, அதுக்கு எங்க வீட்டுல குதிரைன்னு பேரு. உப்புக் காத்துல அது துரு பூத்துக்கிட்டே இருக்கும். அப்பா அத மட்டும் கழட்டி எங்கிட்டக் குடுப்பாரு. மண்ணெண்ணையில ஊறப்போட்டு, உப்புத்தாள்ல தேச்சு, பழைய வேட்டித் துணியால தொடைச்சேன்னா பளபளன்னு ஆயிரும். அதுல எம் மூக்கு கத்திரிக்கா மாதிரி தெரியும். "எம் மவ கைக்குத்தான் இது படியும்"பாரு. நான் ஒரே பொண்ணு வேறயா, அப்பா போனப்பறம் துப்பாக்கி எங்க வீட்டுக்காரர் பேருக்கு வந்துச்சு. குதிரை மட்டும் எப்பவும்போல எம் பொறுப்பு.

ஒரு எலக்சனுக்கு, டேசன்ல ஒப்படைக்கிறேன்னு அவரு துப்பாக்கியச் சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனாரு. "குதிரையக் கழட்டிக்கிட்டு வந்துருங்க, அங்க யாரு தொடைப்பா?"ன்னேன். சாயந்தரம் காயிதத்துல மடிச்சுக் கொண்டாந்தாரு. தொட்டேன். வளைவு எங் கட்டவெரலுக்குச் சரியா ஒக்காரல.

"ஏங்க, இது நம்மளுது மாதிரி இல்லியே?"

"கடல் காத்துல இரும்பு வீங்கும் புள்ள. ஒனக்கு என்ன தெரியும்?"

நம்புனேங்க! வீங்குனத வத்த வைக்கிறேன்னு தெனம் ஒக்காந்து தேச்சேன். சிரிக்காதீங்க.

அந்த மாசமே வீட்டுக்கு ஒரு மொபெட்டு வந்துச்சு. கூட்டாளி பிரான்சுக்குப் போறானாம், குடுத்துட்டுப் போனானாம். எனக்குச் சந்தோசம் தாங்கல. பின்னாடி ஒக்காந்து திருமலைராயன்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணி வரைக்கும் போனேன். பூவெல்லாம் காத்துல போயிருச்சு.

ஓட்டுப் போட்டு முடிஞ்சுது, துப்பாக்கி வரல. கேட்டா, "கையெழுத்துப் போடுற ஆபீசர் லீவு"ன்னாரு. எத்தன நாளைக்கு லீவு? நானே குதிரையத் துணியில முடிஞ்சுக்கிட்டு டேசனுக்குப் போயிட்டேன். "இதையும் மாட்டிக் குடுத்துருங்கய்யா"ன்னேன். அந்த ஏட்டய்யா நோட்டப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு.

"ஒங்க வீட்டுலேர்ந்து துப்பாக்கியே வரலியேம்மா. அதத்தான் துப்பாக்கிக் கடைக்கு வித்துட்டதா எழுதியிருக்கே, ஒங்களுக்குத் தெரியாதா?"

வெயில்ல நடந்தே வந்தேன். வாசல்ல மொபெட்டு நிக்குது. "எங்கப்பா துப்பாக்கிய வித்துட்டு, அந்தக் காசு மேலேயே என்னைய ஏத்திக்கிட்டுப் போனீங்களா?"ன்னேன். அவரு தலைய நிமுத்தல.

"ஒங்கிட்டக் கேட்டா நீ குடுக்க மாட்டே. அதான்..."

"அப்ப இது யாரு குதிரை?"

"பழைய சாமான் கடையில வாங்குனது."

வித்ததக்கூட விட்டுருவேன். முத நாளே எங் கட்டவெரல் சொல்லுச்சு, இது நம்மளுது இல்லடின்னு. அத நம்பாம அவர நம்புனேன் பாருங்க, அதான் இன்னும் ஆறல. அப்பறம் அந்த வண்டியில நான் ஏறவேயில்ல.

இப்ப அப்பா இல்ல, துப்பாக்கி இல்ல, அவரும் போயிட்டாரு, மொபெட்டு காயலான் கடைக்குப் போயிருச்சு. அந்தக் குதிரை மட்டும் சன்னல்ல கெடக்கு. தொடைக்கிறதே இல்ல, துரு ஏறிப்போச்சு. இத்தன வருசமா கடல் காத்து அது மேலதான் அடிக்குது. தெனம் தொட்டுப் பாக்குறேன்.

இன்னும் வீங்கல.