போலந்துக்காரர் வைத்த வெறுந்தட்டு

போலந்து என்ற நாட்டைப் பற்றி யாராவது எனக்கு ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அந்த வருடம் நான் அவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டேன். சொன்னவர் என் வீட்டுச் சொந்தக்காரர். அவர் சொன்ன முறையில் கடவுளுக்கே விளங்காது.

எண்பதுகளின் கடைசி. விம்பிள்டனுக்குக் கிட்ட ஒரு ஒடுங்கிய வீட்டில் மேல்மாடி அறை எனக்கு, கீழ்த்தட்டு அவருக்கு. எழுபது தாண்டியவர், தனி ஆள், பெரிய யுத்தத்தில் சண்டை பிடித்த போலந்துக்காரர். எனக்கு ஒரு பெற்றோல் செட்டில் வேலை. மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில், பொலிஸ் எப்போது கதவைத் தட்டும் என்று பயந்துகொண்டு இருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கான தாள்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஒன்றுதான் குறை. இந்த அறையில் என் மனைவியும் வந்து இருக்கலாம் என்று வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வைத்த கடிதம். ஜனவரி நடுப்பகுதிக்குள் வேண்டும் என்று லோயர் சொல்லியிருந்தார்.

நாலு வரி. அந்த நாலு வரிக்காக நான் ஆயிரம் வருடச் சரித்திரம் கேட்டேன்.

கடிதம் என்று வாயைத் திறந்தால் அவர் கேத்திலைப் போட்டுவிட்டு ஆரம்பிப்பார். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு ராசா ஞானஸ்நானம் எடுத்தார். அதிலிருந்து போலந்து. பிறகு இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரைக்கும் ராச்சியம். இன்னொரு ராசா குதிரைப்படையோடு போய் வியன்னாவைத் துருக்கியரிடமிருந்து காப்பாற்றினார். காப்பாற்றி நூறு வருடம் ஆகவில்லை, அதே வியன்னாவும் ரஷ்யாவும் பிரஷ்யாவும் சேர்ந்து போலந்தை மூன்று பங்கு போட்டுக்கொண்டன. நூற்றிருபத்துமூன்று வருடம் உலகப்படத்திலேயே அப்படி ஒரு நாடு இல்லை.

"நாடே இல்லையெண்டால், அந்த நூற்றிச்சொச்ச வருசமும் நீங்கள் ஆர்?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில்தான். அவருடைய இங்கிலீசும் என்னுடையதைவிடத் திறமானது இல்லை.

மேசையில் குத்தினார். "போலந்துக்காரர்! வேற ஆர்?"

"அப்ப நீங்கள் பிறந்த ஊர் எங்கை இருக்கு?"

"நான் பிறக்கேக்கை ஒஸ்ரியாவிலை. நான் பள்ளிக்கூடம் போகேக்கை போலந்திலை. இப்ப சோவியத்திலை. வீடு அதே தெருவிலைதான் இருக்கு. ஒரு அடி நகரேல்லை."

பெற்றோல் செட்டின் ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் நான் படம் கீறிப் பார்த்தேன். மூன்று முறை கீறினேன். மூன்று முறையும் அவர் எல்லையை அழித்துக் கிழக்கே தள்ளினார், பிறகு மேற்கே தள்ளினார். எனக்குத் தலை சுற்றியது. எங்களுக்கு எல்லை எது என்ற சண்டையிலேயே இவ்வளவு பேர் சாகிறார்கள், இந்த மனிசனுக்கு எல்லை சக்கரம் பூட்டி ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் கதை ஜேர்மன்காரன் ஒரு பக்கத்தாலும் ரஷ்யன் மறுபக்கத்தாலும் வந்த முப்பத்தொன்பதாம் ஆண்டு செப்டெம்பருக்குக் கிட்ட வந்ததும் எழும்பிவிடுவார். "நாளைக்குப் பாப்பம்." கடிதமும் நாளைக்கு, சரித்திரமும் நாளைக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல ஏலாது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. என் லோயர் முதல்நாள் "ஏன் இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்று கேட்டபோது நானும் யாழ்ப்பாணத்தை ஆண்ட நல்லூர் ராசாவிலிருந்துதான் ஆரம்பித்தேன். போர்த்துக்கீசருக்கு வந்தபோதே லோயர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "ராசாவை விடுங்கள். உங்களுக்கு என்ன நடந்தது?"

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் பின்னேரம், நாலரை மணி இருக்கும், இருட்டத் தொடங்கியிருந்தது. பகல் ஷிப்ட் முடிந்து வந்தேன். நானே எழுதிய கடிதம் கையில். அவர் கையெழுத்து மட்டும் வைத்தால் போதும். இன்றைக்கு ஒரு ராசாவையும் கேட்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு அவருடைய கதவைத் தட்டினேன்.

கோட்டுப் போட்டு ரை கட்டி நின்றார். மேசையில் வெள்ளைத் துணி. துணிக்கு அடியில் காய்ந்த புல் பரப்பி, நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பீட்ரூட் சூப், முட்டைக்கோவா, உருளைக்கிழங்கு, மீன். இறைச்சி ஒரு துண்டும் இல்லை. மேசையில் அவர்களுடைய மாதா கோவிலைச் சேர்ந்த ஒரு கிழவி இருந்தார். இரண்டு பேருக்கு மூன்று தட்டு. மூன்றாவது தட்டுக்கு முன்னால் ஆள் இல்லை. அதற்கு நேரே அலுமாரியில் ஒரு இளம்பெண்ணின் படம், பக்கத்தில் மெழுகுதிரி.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனிடமும் கேளுங்கள், இது என்னவென்று. படம், விளக்கு, மரக்கறி, ஆளில்லாமல் படைத்த சாப்பாடு. புல்லைப் பார்த்ததும் தர்ப்பை என்றுதான் நினைத்தேன். மீன் கொஞ்சம் உதைத்தது. ஆனால் எங்கள் எட்டுச்செலவிலும் செத்த ஆளுக்குப் பிடித்ததைப் படைக்கிறோம்தானே? அவருடைய மனைவியின் திவசம். இந்த நாளில் வந்து கையெழுத்துக் கேட்கிறேனே என்று வெட்கமாகப் போய்விட்டது.

அவரோ என்னைக் கண்டதும் முகமெல்லாம் விரிய ஓடிவந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் கண்டதே இல்லை. கிழவி கை தட்டினார், கண்ணைத் துடைத்தார். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த வெறுந்தட்டுக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்தார்.

"இரு, இரு. இது உனக்குத்தான்."

செத்தவருக்குப் படைத்த இடத்தில், அதுவும் என் மனைவியைக் கூப்பிட இருக்கிற நேரத்தில், நான் குந்துவதா?

"இல்லை, நான் இதிலை இருக்கக்கூடாது. நான் நிண்டு சாப்பிடுறன்."

"ஏன்? இரு!"

"உங்கடை மனுசி செத்ததுக்கு எனக்குச் சரியான கவலை" என்றேன், மரியாதையாகத்தான்.

அவர் கதிரையிலிருந்து கையை எடுத்தார். கிழவி கை தட்டுவதை நிறுத்தினார். நான் கடிதத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டேன்.

அதன்பிறகு பேச்சில்லை. குட்மோர்ணிங் சொன்னால் கதவு சாத்துப்படும். புதுவருடம் வந்து போனது. லோயர் போன் எடுத்துக் கேட்டார். மனைவி போனில் அழுதாள். நான் செய்த பிழை என்னவென்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. துக்கத்துக்குத் துக்கம் சொன்னால் எந்த ஊரில் கோபிப்பார்கள்?

என்னோடு வேலை செய்த மன்னார் அண்ணை கத்தோலிக்க வேதக்காரர். அவருடைய கோவிலுக்குப் போலந்துக்காரரும் வருவார்கள். அவரிடம் சொன்னேன்.

"அட விசரா!" என்றார். "அது செத்தவைக்கில்லையடா. அண்டைக்கு ஆர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டினாலும் இருத்திச் சாப்பாடு குடுக்கத்தான் அந்தத் தட்டு. வருசா வருசம் வைப்பினம். ஒருத்தரும் வாறேல்லை."

"அப்ப புல்லு?"

"அது வைக்கோல். யேசு மாட்டுத் தொழுவத்திலை பிறந்தவரெல்லே."

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் தர்ப்பையெண்டு நினைச்சன்."

அவர் சிரித்த சிரிப்பில் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பின்னேரமே போய் வீட்டுச் சொந்தக்காரரின் கதவைத் தட்டித் தட்டித் திறப்பித்தேன். நின்றபடியே சொன்னேன். வாழையிலை, தர்ப்பை, படையல், எல்லாம். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கடைசிவரை கேட்டார்.

"நாப்பது வருசமா இந்த நாட்டிலை அந்தத் தட்டை வைக்கிறன்" என்றார். "இஞ்சை ஒருத்தன் சொல்லாமல் ஒருத்தன்ரை வீட்டுக்கு வரமாட்டான். முதல்முதலா ஒருத்தன் வந்தான். அவன் இருக்கமாட்டன் எண்டிட்டான்." பிறகு கேட்டார்: "என்ரை மனுசி செத்துப்போச்செண்டு உனக்கு ஆர் சொன்னது?"

என் லோயர் கேட்டதையே கேட்டேன்.

"ராசாவை விடுங்கோ. உங்களுக்கு என்ன நடந்தது?"

ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். கலியாணம் கட்டி மூன்று மாதத்தில் யுத்தம். ரஷ்யர் வந்து அவரைப் பிடித்துப்போய் சைபீரியாவில் மரம் வெட்ட விட்டார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். பாரசீகம் போய், படையில் சேர்ந்து, இத்தாலியில் சண்டை பிடித்தார். யுத்தத்தை வென்றார்கள். வென்ற பக்கத்தில்தான் அவரும் இருந்தார். ஆனால் பெரிய நாடுகளின் தலைவர்கள் மேசையைச் சுற்றி இருந்து அவருடைய ஊரைச் சோவியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த போலந்துக்காரரை ரயில் ரயிலாக மேற்கே அனுப்பினார்கள். அவள் எந்த ரயிலில் ஏறினாள், ஏறினாளா என்று ஒருவருக்கும் தெரியாது. திரும்பிப் போனால் இவரைச் சிறையில் போடுவார்கள். எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன.

"இருக்கிறாள் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. செத்திட்டாள் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. நீதான் முதல் ஆள்."

அவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து என் கடிதத்தை எடுத்தார். இங்கிலீசு வெட்கக்கேடு என்று சொல்லிக் கிழித்தார். புதுத் தாள் எடுத்து எழுதத் தொடங்கினார். நாலு வரி கேட்டேன், இரண்டு பக்கம் தந்தார். முதல் பக்கம் முழுக்கப் போலந்து. "இதில் ஏன் துருக்கியர் வருகிறார்கள்?" என்று லோயர் கேட்டார். "அதை என்னட்டைக் கேக்காதேங்கோ" என்றேன். கையெழுத்து இருந்தது, அது போதுமாக இருந்தது.

மனைவி செப்டெம்பரில் வந்து சேர்ந்தாள். அந்தக் கிறிஸ்மஸுக்கு முதல்நாள் எங்கள் இரண்டு பேரையும் கீழே வரச் சொன்னார். நான் படியிறங்கும்போதே அவளுக்குப் படிப்பித்தேன். "ஒரு தட்டு வெறுமையா இருக்கும். பயப்பிடாமல் நேரை போய் அதிலை இரு. போனமுறை நான் இருக்காமல்தான் இவ்வளவு பிரச்சினையும்."

உள்ளே ஐந்து தட்டு. அவர், கிழவி, நாங்கள் இரண்டு பேர். படத்துக்கு நேரே ஒன்று. மனைவி நேரே போய் அதில் இருந்தாள்.

"நோ, நோ, நோ." அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்து மெல்ல எழுப்பினார். "இது உனக்கில்லை. நீ நான் கடிதம் எழுதிக் கூப்பிட்ட ஆள். நீ வருவாயெண்டு எனக்குத் தெரியும்."

"என்னப்பா இது, நீங்கள்தானே இருக்கச் சொன்னீங்கள்?" என்று அவள் என்னை முறைத்தாள்.

"எனக்கும் ஒரு இழவும் விளங்கேல்லை. நீ இஞ்சாலை வா."

சாப்பிடத் தொடங்கினோம். வெளியே நடைபாதையில் யாரோ வருகிற சத்தம். அவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். சத்தம் எங்கள் கேற்றைத் தாண்டி, பக்கத்து வீட்டையும் தாண்டிப் போனது. அவர் கரண்டியை வாயில் வைத்தார். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டே தமிழில் என்னைக் கேட்டாள்:

"என்னவாம்?"

"ஆயிரம் வருசத்துக்கு முதல் ஒரு ராசா ஞானஸ்நானம் எடுத்தவராம்."

"ஆரின்ரை ராசா?"

"சாப்பிடு. நாளைக்குச் சொல்லுறன்."