ஏழாம் பாகத்தில் தொடங்கியவர்

வாஷிங் மெஷின் ரிப்பேர்காரருக்கு நாற்பத்தாறு வயதில் கல்யாணம் ஆனது. மணப்பெண் தையல்கடை வைத்திருந்தவள், கணவனை இழந்தவள். அவளோடு பத்தாவது படிக்கும் மகளும் வந்தாள். மகளோடு பன்னிரண்டு பாகத்தில் ஒரு மாயக்கதை வந்தது.

மகள் தங்கமான பெண். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். சிக்கலே அதுதான், அவரிடம் எந்த வார்த்தையுமே பேசமாட்டாள்! "அம்மா, அவருக்கு போன் வந்துச்சு" என்று அவரை வைத்துக்கொண்டே சொல்வாள். அவர் ஏதாவது கேட்டால் தலையாட்டலோடு சரி. இப்படியே படித்து முடித்து வெளியூர் போய்விடுவாள், நாம் கடைசிவரை 'அவர்'தானா என்று மனுஷனுக்கு ஒரே கவலை.

பள்ளி விட்டு வந்ததும் அவள் அந்தக் கதைக்குள் போய்விடுவாள். நாமும் உள்ளே போய்ப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. சர்வீஸ் கையேட்டைத் தாண்டி எதையும் படித்தறியாதவர்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? ஒவ்வொண்ணும் தலகாணி மாதிரி இருக்கு" என்று மனைவி சிரித்தாள்.

போகிற வீட்டிலெல்லாம் மெஷினுக்குள் தலையை விட்டபடி விசாரித்தார். "மூணு பாகம் பல்லைக் கடிச்சிட்டுப் படிங்க, நாலுலதான் சூடு பிடிக்கும்" என்றாள் ஒரு கல்லூரி மாணவி. "அஞ்சாம் பாகத்துலதான் எல்லாத்துக்கும் முந்தின கதை வருது. அதுல ஆரம்பிங்க" என்றான் அவள் அண்ணன். இரண்டும் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டன. மாடிவீட்டு வக்கீல், "கல்யாணத்தையே இப்பதான் பண்ணிப் பார்த்திருக்கீங்க. இதையுமா?" என்றார்.

வீட்டு அலமாரியில் முதல் பாகம் இல்லை. அது மகளின் தலைமாட்டில், பழுப்பு அட்டை போட்டு இருந்தது. அதைத் தரச்சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவள் அப்போது ஏழாம் பாகத்தில் இருந்தாள். நடுவில் நின்றுபோன மெஷினை நின்ற இடத்தில்தான் பார்க்கவேண்டும் என்பது அவர் தொழில் புத்தி. நூலகத்துக்குப் போய் ஏழாம் பாகத்தையே எடுத்து வந்தார்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. யார் மகன் யார், எதற்கு இத்தனை வாள், ஒரு மண்ணும் புரியவில்லை. இருந்தாலும் விடாப்பிடியாகச் சாயங்காலம்தோறும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார்.

"இந்தச் சாம்பல்நிறக் குதிரைக்கு என்னா அறிவு! மந்திரிக்கே யோசனை சொல்லுது" என்றார் மனைவியிடம்.

எதிரே இருந்த மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஐயோ! அது குதிரை இல்ல. அவங்க ராணி. சாபத்தால அப்படி ஆயிட்டாங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"யாரும்மா சாபம் போட்டது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு மூணாம் பாகத்துக்குப் போகணும்" என்று நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

அன்று தொடங்கியது. அவர் கேட்பார், அவள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வாள். கிழவனை இளவரசன் என்பார், செத்தவனுக்குப் பெண் பார்ப்பார். "இவருக்கு ஒண்ணுமே தெரியலம்மா!" என்று அவள் அலறுவதைக் கேட்டு, அடுப்படியில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவருக்கு அந்த அலறல் தேனாக இனித்தது.

ஏழாம் பாகம் முடிந்த அன்று மகள் அறைக்குள் போய்ப் பழுப்பு அட்டைப் புத்தகத்தோடு வந்தாள்.

"இப்ப முதல்ல இருந்து படிங்க. இது எங்கப்பா வாங்கினது. ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம்."

"கதையெல்லாம்தான் நீயே சொல்லிட்டியேம்மா?"

"ஒண்ணு சொல்லல." பழுப்பு அட்டையைத் தடவினாள். "இதோட கடைசியில ஒருத்தர் செத்துடுவாரு. ரொம்ப நல்லவரு. அந்த இடம் வந்தா தனியா படிக்காதீங்க. என்னைக் கூப்பிடுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அன்று அவர் கையில் கிரீஸ் இல்லை. ஆனாலும் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்துதான் புத்தகத்தை வாங்கினார்.