தேளுக்கு ஒரு விளக்கு

மலைமேல் சோலார் விளக்கைப் பார்த்துக்கொள்கிற வேலையில், வெயில் அடித்தாலும் கவலை, அடிக்காவிட்டாலும் கவலை. ஏழாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, கரண்ட் கம்பி ஏறாத குன்றின்மேல் இருந்த பன்னிரண்டு வீடுகளை ஒப்படைத்தார்கள். சனிக்கிழமைதோறும் உத்திரமேரூரில் முதல் பஸ் பிடித்து, பேட்டரித் தண்ணீர் கேனோடு மலை ஏறுவேன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த வாரம் ஒரு வீட்டிலும் விளக்கு சரியாக எரியவில்லை. பேட்டரி போச்சு, என் வேலையும் போச்சு என்று புலம்பிக்கொண்டே வள்ளி வீட்டுக் கூரைமேல் ஏறினேன். பேனல் முழுக்கச் சந்தனம் பூசி, வரிசையாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். வெயில் எப்படி உள்ளே போகும் என்று கத்தினேன். ஏழு மாத வயிற்றோடு கீழே நின்ற வள்ளி கேட்டாள்: "பஸ்ஸுக்குக்கூடதான் பூசறாங்க, அது ஓடலியா யக்கா?"

நாலு மணி நேரம்

தினமும் நாலு மணி நேரம்தான் விளக்கு. விடிய விடிய எரித்தால் பேட்டரி மறுபடி நிரம்ப மூன்று நாள் வெயில் வேண்டும். மார்கழியில் பிள்ளை பெற்றுத் திரும்பிய வள்ளி, ராத்திரி முழுக்க விளக்கு கேட்டாள். பாறை இடுக்குத் தேள்கள் வீட்டுக்குள் வரும். குழந்தையோ தரையில் படுக்கிறது. பேட்டரி கெட்டால் ஆபீஸில் வேறு தரமாட்டார்கள் என்று நான் சட்டம் பேசினேன். குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்: "தேளு இன்னா மணி பாத்துக்கினா வருது?"

காலிப் பெட்டி

அந்த வாரம் முழுக்க எனக்குத் தேள் நினைப்புதான். அடுத்த சனிக்கிழமை ஏறினால், முதல் வீட்டு முனுசாமியின் பேட்டரிப் பெட்டி காலி. திருட்டு என்றே நினைத்தேன். அதற்குள் வள்ளி வீட்டிலிருந்து, தலையில் சும்மாடு வைத்துப் பேட்டரியைச் சுமந்துகொண்டு அவரே வந்தார். ராத்திரிக்கு ஒரு வீட்டுப் பேட்டரி வள்ளிக்கு என்று மற்ற பதினோரு வீட்டாரும் முறை வைத்திருந்தார்கள். வயர் மாற்றி மாட்டாமல் இருக்க, சிவப்பு வயர் சேரும் இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு. கழற்றவே கூடாது என்று நான் எத்தனை தடவை சொன்னேன்! முனுசாமி பேட்டரியை இறக்கி வைத்தார். "எங்கள எத்தினியோ வாட்டி தேளு கொட்டிக்கீது யக்கா, குயந்த தாங்குமா?"

'பேட்டரிகள் அதனதன் இடத்தில் உள்ளன' என்று அன்று ஆபீஸ் படிவத்தில் எழுதினேன். இருக்கிற கவலைகள் போதாதென்று, அந்தப் பொய்க்கும் சேர்த்து இன்றுவரை கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.