மடியில் கார்பரேட்டருடன் டெல்லிக்கு

1981 பிப்ரவரி 2, திங்கட்கிழமை காலை திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறினேன். கையில் இரண்டு பை. ஒன்றில் வேட்டி, சட்டை, இரவல் ஸ்வெட்டர். இன்னொன்றில் ஒரு கார்பரேட்டர்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான் அது. இரண்டு கிலோ இருக்கும். 1938-ம் வருசத்து மோரிஸ் காருடையது. பழைய துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன். மேல்தட்டில் வைத்தால் யாராவது அதன்மேல் டிரங்குப் பெட்டியைப் போடுவார்கள்.

எதற்காக இவ்வளவு தூரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு டாக்டர் ஐயா இருந்தார். கார் அவருடையது. 62-ல் அதன் கார்பரேட்டர் ஒழுக ஆரம்பித்தது. உள்சாமான் எங்கும் கிடைக்கவில்லை. பாலக்கரை ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்த நான் அதைக் கழற்றிவிட்டு அம்பாசடர் கார்பரேட்டர் ஒன்றை மாட்டினேன். துளை பொருந்தவில்லை. ஒரு அலுமினியத் தட்டு வெட்டி நடுவில் கொடுத்தேன். வண்டி நன்றாகவே ஓடியது. ‘பழசைப் பத்திரமா ஷெட்ல வை மேஸ்திரி’ என்றார் டாக்டர். ‘வச்சாச்சுங்க’ என்றேன். வைக்கவில்லை. மற்ற பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன். உதவாத சாமான் என்று நினைத்தேன்.

டாக்டர் காலமான பிறகு மகன் நடராஜன் காரைக் கூட்ஸ் ரயிலில் டெல்லிக்குக் கொண்டுபோனார். மத்திய சர்க்கார் ஆபீசில் வேலை. அங்கே ஒரு கிளப்பார் வருசா வருசம் பழைய கார் ஓட்டம் நடத்துகிறார்கள். போன வருசம் நடராஜன் போனார். பானெட்டைத் திறந்து பார்த்து, ‘இது அம்பாசடர் சாமான், அந்தக் காலத்தது இல்லை’ என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். மார்ச்சில் அவருக்கு மெட்ராசுக்கு மாற்றல். காரை அங்கேயே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வரப்போகிறார். ‘இந்த வருசம் விட்டால் இல்லை. அப்பாவின் வண்டி ஒரு தடவையாவது அதில் ஓட வேண்டும். அந்தக் காலத்துச் சாமான் எப்படியாவது வேண்டும்’ என்று கடிதம் போட்டார்.

ஐந்து மாதம் தேடினேன். கரூர் பக்கம் ஒரு தோட்டத்தில் அதே வருசத்து மோரிஸ் கிடந்தது. உள்ளே கோழி அடைந்துகொண்டிருந்தது. அதன் கார்பரேட்டரைக் கேட்டு வாங்கினேன். உள்ளே ஏறி இறங்குகிற பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. நாலு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். ஊசியைப் புதிதாகக் கடைந்தேன். மருந்துப் பாட்டில் தக்கையை வெட்டி ஒழுகலை அடைத்தேன்.

எழும்பூர் வரை 337 கிலோமீட்டர். அங்கிருந்து சென்ட்ரலுக்குப் போய் மாலையில் ஜி.டி. எக்ஸ்பிரஸ். டெல்லிக்கு இன்னும் இரண்டாயிரத்து இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு.

செவ்வாய்க்கிழமை. எதிர் சீட்டில் வேலூர்க்காரர், பட்டாளத்தில் அவில்தார். ரொம்ப நேரமாக என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, இறக்கியே வைக்க மாட்டேங்கறீங்க? பலகாரமா?”

“கார்பரேட்டர்.”

“அதான் பார்த்தேன். நெய் வாசனை வரலையே.” சிரித்தார். “டெல்லியில கிடைக்காத கார்பரேட்டரா?”

“இது கிடைக்காது.”

“ஸ்வெட்டர் ஒண்ணுதான் வச்சிருக்கீங்களா? பத்தாது. காலைல வாயைத் தொறந்தா பல்லு தந்தி அடிக்கும்.”

நாக்பூரில் ஆரஞ்சு வாங்கினோம். ரூபாய்க்கு நாலு. அவர் ஒன்றை உரித்து என் கையில் வைத்தார். மடியை விட்டுக் கையை எடுக்காமல் தின்றேன்.

புதன்கிழமை காலை எட்டரைக்குப் புது டெல்லி. வெளியே பனிமூட்டம். எதிரில் நிற்கிற ஆள் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தார். ஆட்டோவை இங்கே ஸ்கூட்டர் என்கிறார்கள். மந்திர் மார்க் போக ஐந்து ரூபாய் கேட்டான். எனக்குத் தெரிந்த இந்தி ‘கித்னா’, ‘நஹி’, அதாவது எவ்வளவு, இல்லை, இந்த இரண்டுதான். இரண்டையும் போட்டதில் மூன்றரைக்கு வந்தான். நாலு கிலோமீட்டர் இருக்கும். ரோடெல்லாம் அகலம். இருபக்கமும் வேப்பமரம். அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

நடராஜன் வீடு சர்க்கார் குடியிருப்பில், கீழ்த்தளம். வாசலில் தகரக் கொட்டகையில் கார். அவர் மனைவி கமலா டீ கொடுத்தார். துண்டைப் பிரித்தேன். நடராஜன் சாமானை இரண்டு கையாலும் தூக்கினார்.

“கமலா, இங்க பாரு. அப்பாவோடது! எங்க இருந்துச்சு மேஸ்திரி இது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“அப்பா இதைத் தேடாத இடமில்ல. ஷெட்டையே புரட்டிப் போட்டார். கடைசில அம்மாவைத்தான் பிடிச்சார், நீதான் பாத்திரக்காரனுக்குப் போட்டிருப்பேன்னு. சாகுற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். அம்மா இல்லைன்னு சொன்னா நம்பவே மாட்டார். இப்ப அம்மாவுக்கு எழுதிப் போடணும், கிடைச்சிருச்சுன்னு.”

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு, “வண்டியைப் பார்ப்போம் தம்பி” என்றேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சும்மா இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை வெயில் வந்த பிறகு வேலையில் இறங்கினேன். நான் போட்ட நட்டு, நான் வெட்டிய தட்டு, பத்தொன்பது வருசம் அப்படியே இருந்தது. கழற்றினேன். கரூர் சாமான் துளைக்குத் துளை உட்கார்ந்தது. பெட்ரோல் குழாயை மட்டும் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. இந்தக் கார்பரேட்டருக்கு ஒரு பரிசோதனை உண்டு. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் ‘டக்’ என்று விழ வேண்டும். விழுந்தது. மூன்று மணிக்கு ஸ்டார்ட் செய்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு சர்தார்ஜி வேடிக்கை பார்க்க வந்தார். ரிட்டையர் ஆனவர். காது வைத்துக் கேட்டுவிட்டு, “வாஹ் மதராஸி” என்றார்.

வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். இந்தியா கேட் வரை போய்த் திரும்பினோம். குறையில்லை. சாயங்காலம் கொட்டகையில் விட்டு, பானெட்டைத் திறந்து, கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் துடைத்தேன். எண்ணெய் விட்டேன். மூடினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மைதானத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். ஆறரைக்கே எழுந்தோம். பனி கொட்டகைக்குள்ளும் இருந்தது. ஸ்டார்ட் செய்தேன். பிடித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை விட்டு அணைந்தது. மறுபடி பிடித்தது. மறுபடி அணைந்தது. ஏழரை ஆகிவிட்டது.

சர்தார்ஜி கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி ஏதோ சொன்னார். நடராஜன் சிரிக்காமல் மொழிபெயர்த்தார். “மதராஸி கார்பரேட்டருக்கு ரஜாய்ப் போர்வை போத்தி விடச் சொல்றார்.”

“அவர் சொல்றது சரி” என்றேன்.

பிஸ்டனைத் தூக்கி விட்டேன். ‘டக்’ சத்தமே இல்லை. பாகில் போட்ட கரண்டி மாதிரி மெல்ல இறங்கியது. அப்போதுதான் தெரிந்தது. அம்பாசடர் கார்பரேட்டரில் தலைப்பக்கம் மூடியைத் திறந்து எண்ணெய் நிரப்புவோம். அதற்கு அது வேண்டும். இந்தப் பழைய மாடலுக்குக் கூடாது. இரண்டு சொட்டு போதும், அதுவும் தண்ணி எண்ணெய். இருபது வருச அம்பாசடர் பழக்கத்தில் கை தானாக, திருச்சியில் ஊற்றுகிற கெட்டி இஞ்சின் ஆயிலை முழுக்க ஊற்றியிருக்கிறது. திருச்சி வெயிலாக இருந்தால் எப்படியோ சமாளித்திருக்கும். டெல்லிக் குளிரில் அது இறுகி பிஸ்டனைப் பிடித்துக்கொண்டது.

“என் தப்புதான் தம்பி. மெல்லிசா எண்ணெய் வேணும்.”

“இப்ப எந்தக் கடை திறந்திருக்கும்?”

கமலா உள்ளே போய்த் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். “இது ஆகுமாண்ணே?”

“இதான் வேணும்.”

“அச்சா! ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வந்து கடைசில என் மிஷின் எண்ணெய்தானா? பரிசு வந்தா பாதி எனக்கு.”

பெட்ரோலில் கழுவித் துடைத்து, இரண்டு சொட்டு விட்டேன். ‘டக்’. எட்டரைக்கு இஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. சர்தார்ஜி முள்ளங்கி வைத்த சூடான மூலி பரோட்டா கொண்டுவந்து கொடுத்தார். நின்றுகொண்டே தின்றோம்.

நடராஜன் மைதானத்தில் கொடுக்க வேண்டிய விண்ணப்பப் பாரத்தை பானெட்மேல் வைத்து நிரப்பினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஓரிடத்தில் நிறுத்தி, வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே எழுதினார். “கார்பரேட்டர். வண்டி வாங்கினபோது இருந்தது. மாற்றவில்லை.”

அதற்குக் கீழே கையெழுத்துப் போடப் போனார். அவர் கையெழுத்து. அப்பா பெயரும் இனிஷியலாக அதில் இருக்கிறது.

“தம்பி, போடாதீங்க. அது உங்க அப்பாவோடது இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“அவரோடதை நான் அப்பவே எடைக்குப் போட்டுட்டேன். ஷெட்ல வச்சேன்னு சொன்னது பொய். இது கரூர்ல வேற வண்டியில எடுத்தது. அம்மா பேர்ல தப்பே இல்ல.”

அவர் பேனாவை மூடினார். நான் இஞ்சினை அணைத்தேன்.

“எத்தனை சண்டை தெரியுமா மேஸ்திரி?” என்றார். “ஒரு தீபாவளிக்கு அம்மா சாப்பிடவே இல்ல.”

கமலாதான் பேசினார். “அவரு சொல்லிட்டாருல்ல. அடிச்சுட்டு உள்ளதை எழுதுங்க. ஒன்பதே கால் ஆயிருச்சு.”

“எழுதினா மறுபடி வாசல்லயே திருப்புவான், கமலா.”

“திருப்பினா வீட்டுக்கு வருவோம். பொய் எழுதி உள்ள போயி அப்பா வண்டின்னு எப்படி ஓட்டுவீங்க?”

அவர் அடித்தார். எழுதினார். இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பாமல், “உங்க பேரு மாரிமுத்துதானே, முழுப்பேரு?” என்று கேட்டார்.

மைதானத்துக்கு ஆறு கிலோமீட்டர். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒன்பது கார். சோதித்தவர் பெரிய மீசை, பட்டாளத்து நடை. பானெட்டைத் திறந்தார். பாரத்தைப் படித்தார். திரும்பவும் ஒரு தடவை படித்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, விரலை உள்ளே விட்டுப் பிஸ்டனைத் தூக்கினார். ‘டக்’. இன்னொரு தடவை. ‘டக்’. இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நடராஜன் என்னைக் காட்டினார். அவர் என் பெயரைப் படிக்கப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டுக் கையை நீட்டினார். என் கை கிரீஸ். நான் தயங்கினேன். அவரே பிடித்துக் குலுக்கினார்.

“என்ன சொன்னார் தம்பி?”

“வேற வண்டிச் சாமான்ங்கறதால மார்க் குறையும். அதே வருசத்துச் சாமான்ங்கறதால ஓடலாம்.” பானெட்டை மூடிவிட்டு, “டீ குடிக்கிறீங்களா?” என்றார்.

டீ நாற்பது பைசா. அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். போக வர நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முன்னால் நடராஜனும் கமலாவும். நான் பின்சீட்டில், காதை இஞ்சினில் வைத்துக்கொண்டு. வழியெல்லாம் ஜனம் நின்று கையசைத்தது. ராஜாக்கள் வைத்திருந்த கார்கள் எங்களைத் தாண்டிப் போயின. அதில் இரண்டு வழியில் நின்றுவிட்டன. எங்களுடையது நிற்கவில்லை. பரிசும் இல்லை. முடிகிற இடத்தில் நடராஜன் இறங்கி பானெட்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் தள்ளியே நின்றேன்.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வந்தார். கமலா சப்பாத்தியும் சிவப்புக் கேரட் அல்வாவும் கட்டிக் கொடுத்திருந்தார். வண்டி கிளம்பும்போது நடராஜன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அம்மாவுக்கு நான் எழுதப் போறதில்ல மேஸ்திரி. நீங்க போயிச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

ஆக்ரா, ஜான்சி, போபால். போகப் போக ஸ்வெட்டரைக் கழற்றினேன், பிறகு சட்டைப் பொத்தானையும். டெல்லி நல்ல ஊர். ஆனால் காலையில் இஞ்சினும் ஆளும் சூடாகாமல் எதுவும் நடக்காது. எங்கள் ஊரில் எதுவும் உடனே கிளம்பும். நான் யோசிக்காமல் செய்ததெல்லாம் அந்தப் பழக்கத்தில் செய்ததுதான்.

வியாழக்கிழமை மதியம் திருச்சி. வீட்டுக்குப் போகவில்லை. டவுன் பஸ்ஸில் உறையூர். டாக்டர் வீட்டம்மா மகளோடு இருக்கிறார். எழுபத்தைந்து வயசு. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வா மாரி. வண்டி ஓடுச்சா?”

“ஓடுச்சும்மா.” நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பேப்பரை நாலாக மடித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

“நான் போடலைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு” என்றார். “அவர் போயிட்டாரே. இதை நான் யார்கிட்ட மாரி சொல்லுவேன்?”