விளையாட்டு வீட்டுக்கு ராத்திரி வெளிச்சம்

நகரம் கட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் நாமே கட்டடம் செய்து சேர்க்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாளெல்லாம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடி வாடகைக் கட்டடத்தை அதில் செய்துகொண்டிருந்தேன். தட்டில் சோறு ஆறிப்போகும். என் மனைவி பொறுத்துப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம காட்டுங்க. பாத்தவொடனே நம்ம ஊடுன்னு எனக்குத் தோணணும். இல்லன்னா இந்தப் பொட்டிய பரண்மேல ஏத்திடுவேன்."

சொன்னால் செய்வாள்.

பகலில் கட்டடம் அச்சு அசலாக இருந்தது. விளையாட்டில் ராத்திரி வந்ததும் மானம் போனது. எல்லா ஜன்னலுக்கும் ஒரே வெள்ளை வெளிச்சம்.

எட்டிப் பார்த்தவள், "இன்னாங்க இது, கல்யாண மண்டபமா?" என்றாள்.

பாதி ஜன்னலை அணைத்தேன். மஞ்சள் கலந்தேன். டிவி ஓடுகிற வீட்டுக்கு நீலம் கொடுத்தேன். அப்போதும் உதட்டைப் பிதுக்கினாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல எவனாச்சும் வாசக்கதவ சாத்திக்கினு இருப்பானா?"

அட, ஆமாம்! எவனோ வெளிநாட்டுக்காரன் போட்ட வீடியோவைப் பார்த்து ஜன்னல் ஜன்னலாக விளக்கு வைத்த மடையன் நான். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைத்தான் மூடுவோம், லட்சுமி வருகிற வாசலை மூடமாட்டோம். ஜன்னல்களை இருட்டாக்கி, கதவுகளைத் திறந்து, உள்வெளிச்சம் வராண்டாத் தரையில் சாய்ந்து விழும்படி செய்தேன். படிக்கட்டுக்கு மங்கலாக ஒன்று. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது தினமும் எங்கள் வாசலுக்கு மேலே ஒரு குண்டு பல்பு எரியும். அதையும் வைத்து, விடியும்வரை அணையாதபடி அமைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காட்டினேன். குனிந்து பார்த்தவள் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நம்ம ஊடேதான்! பொட்டி இங்கயே கெடக்கட்டும்."

அப்பாடா! திரையில் நேரம் ஓடியது. வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எங்கள் பல்பு மட்டும் எரிந்தது.

"இது ஏன் இன்னும் எரியுது?" என்றாள்.

"ஹவுஸ் ஓனர் பல்புதானே? விடிய விடிய எரியுமே."

"எந்த ஓனரு? அது நான் போடுறது. நீங்க படியேறி உள்ள வந்தப்புறந்தான் அணைப்பேன். நீங்கதான் வந்ததும் பொட்டி முன்னாடி குந்திக்கிறீங்களே, எங்க பாத்தீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து எனக்காக எரிந்த விளக்கு! அது அணைகிற நேரத்தைச் சரியாக மாற்றலாம் என்று மவுஸைத் தொட்டேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் உடுங்க. அந்த ஊட்டு ஆளு இன்னும் வரல."