சில்லுக்கடியில் ஒரு கட்டை

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் மொன்றியல் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். சரிவில் நின்ற பழங்கால நிலக்கரி வண்டியில் மகள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

நரைத்த மீசைக் காவலாளி யாழ்ப்பாணத்தவர்.

"அந்தக் காலத்தில வெறும் வண்டியைக் குதிரை மேட்டுக்கு இழுக்கும், தங்கச்சி. கரி ஏத்தினாப் பிறகு வண்டி தானா இறங்கும். பிரேக்கைப் பிடிச்சபடி ஒரு ஆள் இருப்பார்."

"பிரேக் முறிஞ்சா?" என்று கேட்டேன்.

"குதிரைக்கு ஒண்டுமில்லை. அதை முதலே அவிட்டிடுவினம்."

"அப்ப அந்த ஆள்?"

அவர் குனிந்து, சில்லுக்கடியில் மரக்கட்டை ஒன்றைச் செருகினார்.

"ஐயோ, இது ஓடுமோ அண்ணை?" மகளை வாரித் தூக்கினேன்.

"ஓடாது. ஆணி அடிச்சு இறுக்கியிருக்கு. எண்டாலும் பிள்ளையள் ஏறினா வைப்பன்."

கட்டை தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

வீணாகப் பயப்படுகிறேன் என்று கணவர் சொல்லும்போதெல்லாம் அந்தக் காவலாளியை நினைத்துக்கொள்வேன். ஓடாத வண்டிக்கும் கட்டை வைக்க அவருக்கு என்ன பயம் என்று அன்று நான் கேட்கவில்லை.