சப்பாத்தைக் கையில் எடுத்தவர்

நாங்கள் கருவாடு காயப்போடும் மேட்டுக்குக் கிட்ட வந்ததும் அவர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டப்போகிறோம் என்று அளவெடுக்கப் பிரதேச சபைக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி. ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். மூன்று நாள் வந்தார். ஒரு நாள்கூட அந்த மேட்டைச் சப்பாத்துக் காலால் மிதிக்கவில்லை. ஓலைப்பாயிலிருந்து விழுந்த மீனைக்கூடக் குனிந்து எடுத்துப் பாயில் வைத்தார்.

கடைசி நாள் என்னிடம் கேட்டார்.

“தங்கச்சி, மாரியில தண்ணி நிக்காத இடம் எது?”

“இந்த மேடுதான் ஐயா. எங்கட கரையில இது ஒண்டுதான்.”

“அப்ப எல்லையைச் சரியாக் காட்டுங்கோ. இதை விலத்தித்தான் வாய்க்கால் வெட்டவேணும்.”

எங்களிடம் வந்து கேட்ட முதல் அதிகாரி அவர்தான். பூரித்துப்போய், வடலிப் பனையடியிலிருந்து கடல்வரை ஒரு அடி பிசகாமல் காட்டினேன். தேத்தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தேன்.

வாய்க்கால் வரவேயில்லை. கந்தோர்ச் சுவரில் ஒரு நில அளவைப் படம்தான் வந்தது. எங்கள் மேட்டை உல்லாச விடுதிக்கு ஒதுக்கிச் சபை தீர்மானித்திருந்தது. இனி அங்கே கருவாடு போடக்கூடாதாம். படத்தின் கீழே போட்டிருந்த தீர்மானத்தின் திகதியைப் பார்த்தேன். அவர் எங்கள் கரைக்கு வருவதற்கு ஒரு மாதம் முந்தியது.

படத்தில் ஒரு பிழை கண்டுபிடித்தாலாவது சண்டை போடலாம் என்று தேடினேன். இல்லை. அளவுநாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான்தானே.

எல்லாம் தெரிந்துகொண்டு வந்த மனிதர், பிறகேன் சப்பாத்தைக் கழற்றினார்?